தர்ஷியின் அம்மா என்ன நிறம்

2 மே 1992, சனி

விடியக் காலையிலிருந்தே மழை. பஸ் இருபது நிமிஷம் பிந்தி. கையில் பெயின்ற் டப்பா நாலு, நிறம் கலக்க முட்டைப் பெட்டி பதினைந்து, பழைய பேப்பர் ஒரு கட்டு. குடை பிடிக்கக் கை இல்லை. நனைந்த கோழியாகத்தான் மண்டபத்துக்குள் போனேன்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சித்திர வகுப்பு இன்று தொடக்கம். நாற்பது நிமிஷம், தமிழுக்கும் மிருதங்கத்துக்கும் நடுவில். பதினான்கு பிள்ளைகள், ஆறு வயதிலிருந்து ஒன்பது. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருஷம் சித்திரம் படிப்பித்தவள் நான். லண்டன் வந்து ஐந்து வருஷமாகத் தூரிகை தொடவில்லை.

செயலாளர் மகாலிங்கம் (இனி செ.) வாசலிலேயே பிடித்துக்கொண்டார். மேசையில் ஒரு பெரிய போத்தல். ரோஸ் நிறம். லேபிளில் 'தோல் நிறம்' என்று இங்கிலீஷில்.

"முகம் கீற வசதியாய் இருக்கும் ரீச்சர். கொமிற்றியால வாங்கினது."

"ஆற்ர தோல், அண்ணை?"

அவருக்கு விளங்கவில்லை. மனிதர் என்னைவிடக் கறுப்பு. காலையில் கண்ணாடி பார்த்துத்தானே தலை இழுத்திருப்பார்? போத்தலை அலுமாரிக்குள் ஆகப் பின்னால் தள்ளி வைத்தேன்.

என் சட்டம் ஒன்றுதான். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. வேறு எதுவும் இல்லை, கறுப்பும் இல்லை. மிச்சத்தை நீங்களே உண்டாக்குங்கோ. மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சை ஆனபோது ஒரு பையன் "மஜிக், மஜிக்" என்று கத்தினான். இந்த ஒரு சத்தத்துக்காகவே நனைந்து போகலாம்.

கடைசியில் செ. வந்து அறிவித்தல். ஜூன் 20 ஆண்டு விழா, சித்திரப் போட்டி, தலைப்பு 'என் அம்மா', பரிசு மேடையில். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

5 மே, செவ்வாய்

லாப்பில் நாள் முழுக்க நின்று கால் வீக்கம். படம் கழுவும் இடத்தில் ஐந்து வருஷம். ஒவ்வொரு நெகற்றிவ்வும் சின்னத் திரையில் வரும். நான் பார்த்து விசையை அழுத்த வேண்டும். நீலம் கூடினால் மஞ்சள் ஏற்று. இருட்டினால் அடர்த்தி ஒன்று குறை, இரண்டு குறை.

நம் ஆட்களின் கலியாணப் படங்கள் எல்லாம் என்னைத் தேடித்தான் வரும். கவருக்குள் கட்டாயம் ஒரு துண்டு இருக்கும். இன்றையது: "அக்கா, பொம்பிளையைக் கொஞ்சம் வெள்ளையாய் எடுத்துத் தாங்கோ."

பெண்ணுக்கு நல்ல களை. கண்ணில் குறும்பு. அடர்த்தி மூன்று குறைத்தேன். பெண் வெளுத்தாள். கூறைச் சேலையின் சிவப்பு ரோஸ் ஆனது, சரிகை காணாமல் போனது, பக்கத்தில் இருந்த ஐயர் ஆவி மாதிரி. அவர்களுக்கு அதுதான் வேண்டும். பெண் வெளுத்தால் சரி, ஐயர் எக்கேடு கெட்டால் என்ன.

கோபம்தான். ஆனால் விசையை அழுத்திய விரல் என்னுடையது. இதையும் எழுதி வைக்கிறேன்.

பருப்பில் உப்பு இல்லையாம். இவர் சொன்னார்.

9 மே, சனி

வெயில்! பேப்பர் தட்டில் நிறச் சக்கரம். எதிர் எதிரே இருக்கும் நிறங்களைக் கலந்தால் இரண்டும் சண்டை பிடித்து மண்ணிறமாகும் என்றேன். சண்டை என்றதும் எல்லோருக்கும் உற்சாகம். செம்மஞ்சளையும் நீலத்தையும் மோத விட்டார்கள்.

பிறகு அவரவர் தோல் நிறம். யாழ்ப்பாணத்தில் நான் வைத்திருந்த அதே பரிசோதனை: கலந்ததை முழங்கைக்குக் கீழே ஒரு பொட்டு வை. பொட்டுத் தெரிந்தால் பிழை, தெரியாமல் போனால் சரி. பதினான்கு கையிலும் பொட்டு. ஒருவருக்கு மஞ்சள் போதாது, ஒருவருக்கு வெள்ளை கூடிவிட்டது. நீலம் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

"நீலமோ? எனக்குள்ளயோ?" என்று ஒரு சின்னன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

முதல் தரத்திலேயே பொட்டு மறைந்தது தர்ஷிக்கு மட்டும். ஏழு வயது, வாய் திறக்காத பிள்ளை. தகப்பன் நேசன் பெற்றோல் ஷெட்டில் வேலை. மூன்று வயதில் தகப்பனோடு வந்தது. தாய் கொழும்பில், விசாவுக்கு நாலு வருஷமாகக் காத்துக்கொண்டு. இப்போது கிடைத்துவிட்டதாம். ஜூன் 12 வருகிறாராம்.

செ.இன் மனைவி வாசலில் நின்று: "கையெல்லாம் சேறு. உதென்ன படிப்பு, ரீச்சர்?"

சேறு. தன் பிள்ளையின் கையைப் பார்த்துச் சொன்ன சொல்.

16 மே, சனி

இன்று அம்மாக்களின் முகம். வாசலில் நின்ற தாய்மாரின் கையைப் பிடித்திழுத்துப் பொட்டு வைத்துப் பார்த்தார்கள் சிலர். ஒரே கும்மாளம். பதின்மூன்று முகங்கள், பதின்மூன்று விதமான மண்ணிறம். மூக்கு எங்கோ, காது எங்கோ, ஆனால் நிறம் என்றால் நிறம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

பதினான்காவது தர்ஷியுடையது. ரோஸ். அந்தப் போத்தலைப் பிள்ளை தேடி எடுத்திருக்கிறது.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "உந்த நிறத்தில ஆரைப் பாத்தனி?" என்று கத்தினேன்.

"அம்மாவை."

"பொய் சொல்லாதை."

சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொன்னேன், எல்லோருக்கும் முன்னால். அது சத்தமில்லாமல் அழுதது. தூரிகையைக் கீழே வைக்காமலே அழுதது. போத்தலில் வந்த கோபம், கொமிற்றியில் வந்த கோபம், செ.இன் மனைவியில் வந்த கோபம், எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையின் தலையில் கொட்டினேன். கழுதைக்கு ஏலாமல் கடிவாளத்துக்கு அடித்த கதை.

செ. உள்ளே வந்தார், ஈரப் படத்தைத் தூக்கிப் பார்த்தார். "அட, இதெல்லோ வடிவு!" தன் அறைக்கே கொண்டு போய்விட்டார்.

17 மே, ஞாயிறு

காலை ஒன்பதிலிருந்து தொலைபேசி.

ஒன்று, ஒரு தாய்: "என்ர மகள் என்னைக் கரிச்சட்டி ஆக்கிப்போட்டாள். நீங்கள் பாத்துக்கொண்டே நிண்டனீங்கள்?"

இரண்டு, இன்னொரு தாய்: "ஃபிரிட்ஜில ஒட்டச் சொல்லி அழுகுது ரீச்சர். நாலு சனம் வந்து போற வீடு."

மூன்று, ஒரு தகப்பன்: "பொம்பிளைப் பிள்ளையள் இருக்கிற வீட்டில உப்பிடிப் படம் ஏன்? நாளைக்குச் சம்பந்தம் பேசேக்கை?" மூத்த மகளுக்கு வயது பத்து.

நான்காவது அழைப்பை எடுக்கவில்லை.

இந்த நாட்டில் பஸ்ஸில் ஒருவன் நிறத்தைச் சொல்லி ஏசினால் ஊர் கூட்டி முறைப்பாடு எழுதுகிறோம். வீட்டுக்குள் வந்து, பிள்ளை கண்ணால் கண்டதைக் கீறினால் கரிச்சட்டி. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு என் தங்கையைக் கேட்டுப் போனார்கள். அது நடந்து இருபது வருஷம். அந்தத் தேத்தண்ணிக் கோப்பைகளை அன்று கழுவியதும் நான்தான். இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

இவர்: "உமக்கேன் தேவையில்லாத வேலை?"

பதில் சொல்லியிருந்தால் அகப்பை பறந்திருக்கும்.

23 மே, சனி

பள்ளி லீவு நாட்கள், பிள்ளைகள் ஒன்பது பேர்தான். தர்ஷி வந்தது. நேரே என்னிடம் வந்து ஒரு பிளாஸ்ரிக் பையை நீட்டியது. உள்ளே பெரிதாக்கிய போட்டோ ஒன்று.

"பாருங்கோ ரீச்சர். பொய் இல்லை."

இளம் பெண், மடியில் குழந்தை. முகம் ரோஸ். கழுத்து ரோஸ். சேலைக் கரை வெளிறி, பின்சுவர் வெறும் வெள்ளை. பார்த்த உடனேயே திருப்பினேன். பின்னால் பென்சிலில் ஓடர் நம்பர், பக்கத்தில் '-3'. நம்பரில் ஏழுக்கு நடுவில் கோடு இழுத்து எழுதுவது லாப்பில் நான் ஒருத்திதான்.

நான் வெளுக்க வைத்த படம். பிள்ளை பார்த்ததைத்தான் பார்த்தபடி கீறியிருக்கிறது. அதற்குத் தாயின் முகம் ஞாபகம் இல்லை. இருப்பது இந்தப் படம் மட்டும். ஜூன் 12 விமான நிலையத்தில் அது இந்த ரோஸ் பெண்ணைத்தான் தேடப் போகிறது.

மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அதற்கு விளங்கவில்லை. "அப்ப சரியோ என்ர கலர்?" என்று கேட்டது.

என்ன சொல்ல? பார்த்தது சரி, படம் பிழை. படம் பிழை, பிழை என்னுடையது. இதில் ஒன்றும் வாயால் வரவில்லை. "நல்லாக் கீறியிருக்கிறாய்" என்றேன். பச்சைக் கோழை நான்.

25 மே, திங்கள்

பொது விடுமுறை. நேசன் வீட்டுக்குப் போனேன். ஒரு அறை, சுவர் ஓரம் புதிதாக ஒரு கட்டில். தாய்க்கு. இன்னும் பொலித்தீன் கழற்றவில்லை.

நெகற்றிவ் இருக்கிறதா என்று கேட்டேன். ஏன் என்றார். சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"ரீச்சர், கேட்டது நான்தான். ஆனா செய்து தந்தது நீங்கள். அப்ப ஒரு சொல் சொன்னனீங்களோ? 'நல்லா வந்திருக்கு தம்பி' எண்டெல்லோ சொன்னனீங்கள்."

சொல்லியிருப்பேன். எல்லோருக்கும் அதைத்தான் சொல்வது.

"ஏன் வெள்ளையாய்க் கேட்டனீர்?"

"ஷெட்டில வேலை செய்யிற பெடியள் எல்லாம் மனிசிமாரின்ர படத்தைக் காட்டுவாங்கள். எனக்கும் ஒண்டு காட்ட வேண்டியிருந்தது." பிறகு, தலையைக் குனிந்துகொண்டு: "அவள் வடிவு, ரீச்சர். படம்தான் கறுப்பாய் விழுந்தது."

அவர் மேலும் கோபம், என் மேலும் கோபம், எவர் மேல் கூடுதல் என்று தெரியவில்லை. தர்ஷி கட்டிலுக்குக் கீழே படுத்து நிறச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. நெகற்றிவ்வைத் தேடித் தருகிறேன் என்றார்.

28 மே, வியாழன்

நேசன் காலையில் லாப் வாசலில் கொண்டுவந்து தந்தார். ஷிப்ட் முடிந்தபின் போட்டேன். ஒன்றும் குறைக்காமல் போட்டால் உண்மை வரும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல.

முதல் பிரதி: முகம் ஒரே இருட்டு, கண் மட்டும் தெரிகிறது. மெஷினை எந்த முகத்துக்கு அளவு பார்த்து வைத்தார்களோ அந்த முகம் எங்களுடையது இல்லை. அதன் கணக்கில் நாங்கள் வெளிச்சம் போதாத படம். ஒன்று குறைத்தேன், சிவப்புத் தூக்கியது. மஞ்சள் ஏற்றினேன், காமாலை. ஆறு பிரதி. ஆறிலும் ஆறு பெண்கள். இதில் தாய் யார்?

நான் அவரைக் கண்டதே இல்லை. எதை வைத்து ஒப்பிட? யாரோடு? இவ்வளவு நாளும் நிறம் படிப்பிக்கிறேன் என்று மார் தட்டியவள் ஆறு படத்தை வைத்துக்கொண்டு முழிக்கிறேன்.

30 மே, சனி

வகுப்பு முடிய நேசனிடம் ஆறையும் மேசையில் பரப்பினேன். எது சரி?

நெடுநேரம் பார்த்தார். ஒன்றைத் தூக்கினார், வைத்தார், இன்னொன்றைத் தூக்கினார். "மாநிறம், ரீச்சர்." மாநிறம் என்றால் எது? "உங்களைவிடக் கொஞ்சம்..." என்று இழுத்தார், நிறுத்தினார். என்னைவிடக் கூடவா குறைவா என்று சொல்லப் பயம். பிறகு நாற்காலியில் இருந்துவிட்டார்.

"மறந்துபோச்சு. நாலு வருஷம் நானும் இந்தப் படத்தைத்தான் பாத்தனான்."

அந்த மனிதர் மேல் இருந்த கோபம் முழுக்க வடிந்துபோனது. திரும்பவும் எடுக்கப் பார்த்தேன், வரவில்லை.

தர்ஷி முட்டைப் பெட்டி கழுவிக்கொண்டு நின்றது, சட்டைக்கை முழங்கைக்கு மேலே மடித்தபடி. நேசன் அதையே பார்த்தார்.

"பொறுங்கோ. பிறந்த அண்டைக்கே தாதி சொன்னவ, தாயின்ர நிறத்தை உரிச்சுக்கொண்டு வந்திருக்கு எண்டு. தாயும் மகளும் கையைச் சேர்த்து வைச்சா எது ஆற்ர கை எண்டு தெரியாது. அளவைத் தவிர."

பிள்ளையைக் கூப்பிட்டோம். அதன் கையை வைத்து ஆறு படத்தையும் பார்த்தோம். நாலாவது. பிறகு பெயின்ற் எடுத்துத் தந்தேன். செம்மஞ்சள், ஒரு துளி நீலம், பிறகு இன்னும் அரைத் துளி. தன் கையிலேயே பொட்டு வைத்தது. மறைந்தது.

"இதுதான் அம்மாவோ?"

"ஓம். இதுதான் அம்மா."

பிள்ளை தன் கையை மணந்து பார்த்தது. நான் மூக்கைச் சிந்துவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புதுப் படம் கீறி முடிக்க ஐந்து மணி. மண்டபக்காரர் சாவியை ஆட்டி ஆட்டிக் காட்டினார். ஆட்டட்டும்.

6 ஜூன், சனி

செ.இடம் தர்ஷியின் புதுப் படத்தை நீட்டினேன். பழையதைத் திருப்பித் தாருங்கள் என்றேன்.

"அதுக்கு முதல் பரிசு எண்டு கொமிற்றி முடிவெடுத்திட்டுது. சேர்டிபிகேற்றும் அடிச்சாச்சு."

"அது பிழையான படம், அண்ணை. பிள்ளையே வேண்டாம் எண்டுது."

"ரீச்சர், நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்கக்கூடாது. பிரதம விருந்தினர் வாறார், வெள்ளைக்காரரும் வருவினம். சுவரெல்லாம் கறுப்பு மூஞ்சையாய்த் தொங்கினால் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"நாங்கள் கறுப்பெண்டு நினைப்பினம்."

கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். சாத்திய கதவு திரும்பவும் திறந்துகொண்டது, அந்த மண்டபத்தில் ஒரு கதவும் ஒழுங்காகப் பூட்டாது. புதுப் படம் என் பையில்.

தெரியவந்தது: நாலு பிள்ளைகளின் படத்தை வீட்டில் தாய் தகப்பன் 'திருத்தி'க் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் மண்ணிறத்துக்கு மேல் பவுடரே அப்பியிருக்கிறது. முகப் பவுடர்! மேசையெல்லாம் மணக்கிறது.

9 ஜூன், செவ்வாய்

லாப்பில் கலியாணக் கவர் ஒன்று. துண்டு: "வழமைபோல, அக்கா."

வழமைபோலச் செய்யவில்லை. அரை மணி நேரம் மினக்கெட்டு அந்தப் பெண்ணை அந்தப் பெண்ணாகவே எடுத்தேன். கூறை சிவப்பு. சரிகை சரிகை. ஐயருக்கும் உயிர் வந்தது. துண்டின் பின்னால் எழுதினேன்: "இனி ஏலாது." சண்டைக்கு வரட்டும்.

வாங்க வேண்டியது: உள்ளி, கடலைப் பருப்பு, குடை.

12 ஜூன், வெள்ளி

மழை இல்லை. வேலையில் கை ஓடவில்லை. இரண்டு ரோல் பிழையாகப் போட்டேன், மேலாளர் ஏசினார். ஏசட்டும்.

மாலை நேசன் தொலைபேசியில். பின்னால் ஒரு பெண் குரல், புதிது.

"எயாப்போட்டில அவள் வெளியால வரேக்கை பிள்ளை கிட்டப் போகேல்லை ரீச்சர். என்ர காலுக்குப் பின்னால ஒளிஞ்சு நிண்டிது. அவள் அழத் தொடங்கிட்டாள். பிறகு என்ன நினைச்சுதோ, தானாய்ப் போய்த் தன்ர கையைத் தாயின்ர கையோட வைச்சுப் பாத்திது. பாத்திட்டு, 'ஓம், இது அம்மாதான்' எண்டு எனக்குச் சொல்லுது."

ரிசீவரை வைத்துவிட்டுக் குசினிக்குள் நின்று நன்றாக அழுதேன். இவர் வந்து பார்த்துவிட்டுத் தானே தேத்தண்ணி போட்டார். சீனி அள்ளிக் கொட்டியிருந்தார், குடித்தேன்.

20 ஜூன், சனி

ஆண்டு விழா. புழுக்கம். தேவாரம், வரவேற்புரை, தலைமையுரை, பிறகு வரவேற்புரையில் மறந்துபோனவருக்காக இன்னொரு வரவேற்புரை. பிரதம விருந்தினர் வரவில்லை. வெள்ளைக்காரர் என்று வந்தது மண்டபச் சாவிக்காரர் ஒருவர்தான்.

சுவரில் படங்கள். நடுவில் ரோஸ். சட்டம் போட்டுத் தங்கப் பேப்பர் சுற்றி, 'முதல் பரிசு'. என் பிள்ளைகளின் ஒன்பது மண்ணிற அம்மாக்களைத் தூணுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள்.

மூன்றாவது வரிசையில் தர்ஷியின் தாய். மெலிந்தவர், பருத்திச் சேலை, மேலே இரவல் கம்பளிச் சட்டை. பவுடர் இல்லை. பிள்ளை தாயின் கையை விடவே இல்லை.

செ. மைக்கில் தாயையும் மகளையும் மேடைக்கு அழைத்தார். படத்தைத் தூக்கிச் சபைக்குக் காட்டினார். பரிசு எடுத்த எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பதுபோல மைக்கை அதன் வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"சொல்லுங்கோ பாப்பம் பிள்ளை, இது ஆர்?"

தர்ஷி படத்தைப் பார்த்தது. தாயை நிமிர்ந்து பார்த்தது. திரும்பவும் படத்தைப் பார்த்தது.

"தெரியாது அங்கிள். உங்கட அம்மாவோ?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் முதல் சிரிப்பு, பிறகு எல்லா இடமும். செ. கண்ணால் என்னைத் தேடினார். தேட வேண்டியிருக்கவில்லை, நான் எழும்பி நடந்துகொண்டிருந்தேன். பையிலிருந்த புதுப் படத்தோடு மேடை ஏறினேன், யாரிடமும் கேட்கவில்லை. மைக் இன்னும் பிள்ளையின் வாய்க்குப் பக்கத்திலேயே.

தாய் என் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இல்லை, பிள்ளையின் படத்தை.

"மூக்கு என்ர இல்லை," என்றார். "மிச்சமெல்லாம் நான்தான்."